கண்ணாடி போடாமலே முப்பரிமாணம்!

கட்டை விரலை மூக்குக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் நீட்டுங்கள். முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் அங்கும் இங்கும் தாவுகிறதா? விரல் அசையவே இல்லை! இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருப்பதால், ஒவ்வொரு கண்ணுக்கும் காட்சி கொஞ்சம் மாறித் தெரிகிறது. இரண்டையும் மூளை ஒன்றாக்கி, எது பக்கம், எது தூரம் என்று கண்டுபிடித்து விடுகிறது. 1838ல் இதைப் படங்கள் மூலம் விளக்கியவர், இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டோன்.

தியேட்டரில் '3டி' படம் பார்க்கக் கொடுக்கும் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய படத்தை மட்டும் உள்ளே விடுகிறது. சரி, மொபைல்போனை எடுக்கும்போதெல்லாம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

ஜப்பானின் ஷார்ப் நிறுவனம், 2002ல் ஒரு வழி செய்தது. எஸ்.எச்.251ஐ.எஸ். என்ற அதன் போனைக் கண்ணாடி இல்லாமலே பார்த்தால் போதும், படம் முப்பரிமாணத்தில் தெரியும்!

எப்படி? ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைப் பாருங்கள். ஒரு கண்ணுக்குத் தெரியும் இடம், மறு கண்ணுக்குக் கம்பியால் மறைந்திருக்கும். அதே தந்திரம்தான். இடது கண் படத்தையும், வலது கண் படத்தையும் மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, மாற்றி மாற்றித் திரையில் அடுக்குகிறார்கள். திரையோடு கண்ணுக்கே புலப்படாத 'கம்பிகள்' உண்டு. அவை திரவப் படிகத்தால் ஆனவை. சாதாரணப் படம் பார்க்கும்போது மாயமாகி விடும்!

பிரச்னையும் அந்தக் கம்பியில்தான். அது பாதி வெளிச்சத்தை விழுங்குவதால், விளக்கைக் கூட்ட வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். திரைப் புள்ளிகளையும் இரு கண்களும் பங்கு போட்டுக்கொள்வதால், படத்தின் துல்லியம் பாதியாகும். தலையை லேசாகத் திருப்பினாலோ, இடது படம் வலது கண்ணுக்குப் போய்க் குழப்பும். 2011ல் எச்.டி.சி., எல்.ஜி. நிறுவனங்கள் இத்தகைய போன்களை விற்றன. ஆனால், அவை நிலைக்கவில்லை.

அதே ஆண்டு வந்த நின்டென்டோ 3டி.எஸ். என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் கதை வேறு. 7 கோடிக்கும் மேல் விற்றது! ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் முப்பரிமாணத்தில் பார்க்க வேண்டாம் என்று அந்நிறுவனமே எச்சரித்தது. 2014ல் வந்த புது மாடலில், ஒரு கேமரா உங்கள் முகத்தைக் கவனித்து, நீங்கள் அசைந்தால் அதற்கேற்பப் படத்தைச் சரிசெய்தது. 2020ல் தயாரிப்பு நின்றது.

இன்னொரு வழியும் உண்டு. சாய்த்தால் படம் மாறும் பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கிறதா? நகத்தால் சுரண்டிப் பாருங்கள், 'கர்ர்' என்று சத்தம் வரும். அந்த வரிகள் எல்லாமே குட்டி லென்ஸ்கள்! அதுபோன்ற லென்ஸ்களைத் திரைமேல் பதித்தால், வெளிச்சம் வீணாகாது. பக்கத்தில் இருப்பவரும் பார்க்கலாம். ஆனால், எட்டுக் கோணங்களில் காட்ட வேண்டுமானால், புள்ளிகளையும் எட்டுப் பங்கு போட வேண்டுமே!