தானாகப் பின்வாங்கும் கட்டளை

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைகள் 30 நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டவை, கொள்ளளவு 103.5 மெகாவாட். இதுபோன்ற நிலையங்களில் காற்றின் வேகம், இறக்கையின் கோணம், மின் உற்பத்தி ஆகிய விவரங்களெல்லாம் கோபுரத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு வலையமைப்புக் கருவிகள் வழியாகவே போகும். எந்தத் தரவை எங்கே அனுப்புவது, யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் அந்தக் கருவிகளுக்குள் ஓர் எழுத்துக் கோப்பில் வரிவரியாக இருக்கும். அதுதான் அமைவுக் கோப்பு.

அந்த வரிகளைத் திருத்தக் கருவிக்கு முன்னால் போய் நிற்கத் தேவையில்லை. கொழும்பிலிருக்கும் பொறியியலாளர் ஒருவர் எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு மூலம் உள்நுழைந்து கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வில்லங்கம் இங்கேதான். அவர் மாற்றும் வரி, அவர் வந்த வழியையே அடைத்துவிடலாம். பிறகு மன்னாருக்கு மதவாச்சி வழியாகச் சுற்றி 300 கிலோமீட்டருக்கு மேல் வாகனத்தில்தான் வரவேண்டும்!

கனடாத் தமிழர்களுக்கு 2022 ஜூலை 8 நினைவிருக்கும். ரோஜர்ஸ் நிறுவனத்தின் ரவுட்டர்களில் ஒரு வடிகட்டி விதியை நீக்கியதும், பாதைத் தகவல்கள் வெள்ளமாகப் புகுந்து மைய வலையமைப்பு முடங்கியது. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சேவை நின்றது. கடைகளில் டெபிட் அட்டை வேலை செய்யவில்லை. பழுதுபார்ப்பவர்கள் உள்நுழையும் வழியும் அதே மையத்தை நம்பியிருந்ததால் கோளாற்றைக் கண்டுபிடிக்கவே நேரமெடுத்தது.

இப்படி வழி அடைபட்டால் மீள, சிஸ்கோ வலையமைப்புக் கருவிகளில் பழைய உபாயம் ஒன்று உண்டு. மாற்றம் முதலில் நினைவகத்தில் ஓடும் அமைவில் மட்டும் விழும். தனியாகச் சேமித்தால்தான் நிலைக்கும். ஆகவே வேலை தொடங்குமுன் 'ரீலோட் இன் 10' என்று தட்டிவிடுவார்கள். வழி அடைபட்டால், பத்து நிமிடத்தில் கருவி மறுதொடக்கமாகிப் பழைய அமைவோடு எழும். சரியாக நடந்தால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டுச் சேமிக்கலாம். ஆனால் மறுதொடக்கம் என்றால் எல்லோருக்கும் இணைப்பு அறும்.

ஜுனிப்பர் கருவிகளின் 'கமிட் கன்ஃபர்ம்ட்' கட்டளை இதைவிட நயமானது. குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால், மறுதொடக்கமின்றி முந்தைய அமைவுக்குத் திரும்பிவிடும். நேரம் குறிக்காவிட்டால் பத்து நிமிடம். உபுண்டு லினக்ஸில் 'நெட்பிளான் ட்ரை' கட்டளை இதேபோல் உறுதிக்காக 120 விநாடி காத்திருக்கும்.

உறுதி செய்யும் முன் இன்னொரு சாளரம் திறந்து புதிதாக உள்நுழைந்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு சில வேளை தப்பித்துக்கொள்ளும். புதிய இணைப்புக்குத்தான் கதவு சாத்தப்பட்டிருக்கும்.