நெஞ்சுக்குள் ஒரு சீவாளி

கச்சேரி தொடங்கும் முன் நாகஸ்வரக்காரர் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார். 'பீ' என்று ஒரு கீச்சொலி கிளம்பும். அதில் ராகமும் இல்லை, குழலும் இல்லை. நாணல் இதழ்கள் இரண்டு நெருங்கி நின்று காற்றில் படபடக்கும் சத்தம், அவ்வளவுதான். இழுப்பு வந்த குழந்தையின் நெஞ்சுக்குள் நள்ளிரவில் கேட்கிற விசிலும் ஏறக்குறைய இப்படித்தான் பிறக்கிறது.

இதற்குப் பெயர்கள் பல. இளைப்பு, இரைப்பு, இழுப்பு என்பார்கள், யாழ்ப்பாணத்தில் முட்டு. இப்போது பட்டிதொட்டியெங்கும் 'வீசிங்'. "பிள்ளைக்கு வீசிங் இருக்கு" என்று நோயின் பெயரைச் சொல்வது போலச் சொல்கிறோம். உண்மையில் அது ஒரு சத்தத்தின் பெயர். காய்ச்சல் என்றால் உடம்பு சுடுகிறது என்று தெரியும், ஏன் சுடுகிறது என்று தெரியாது அல்லவா? வீசிங்கும் அந்த ரகம்.

நெஞ்சுக்குள் கேட்கும் இத்தகைய சத்தங்களை முறையாக வகைப்படுத்தியவர் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் வேலை பார்த்த ரெனே லென்னெக். 1816இல் ஓர் இளம்பெண்ணின் மார்பில் நேராகக் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்த கதை அது. மனிதர் புல்லாங்குழலும் வாசிப்பார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

ஆனால் நெஞ்சு விசில் புல்லாங்குழல் வகை அல்ல. புல்லாங்குழலில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. குழலின் நீளம் மாறினால் சுருதி மாறும், காற்றுக்குப் பதில் ஹீலியத்தை ஊதினாலும் மாறும். பிரிட்டன் மருத்துவர் பால் ஃபோர்காச் 1960களில் கவனித்தது, ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தாலும் நோயாளியின் விசில் சுருதி அசையவில்லை என்பதை. அப்படியானால் பாடுவது காற்று அல்ல, குழாயின் சுவர். மூச்சுக்குழாய் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கும்போது அதன் சுவர்கள் சீவாளி இதழ்களாகிவிடுகின்றன. பலூன் வாயை இருபுறமும் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டு வீட்டாரை எரிச்சலூட்டிய எவருக்கும் இது புரியும்.

குழாய் கொஞ்சம் சுருங்கினாலே ஏன் இத்தனை அவஸ்தை? சீராக ஓடும் காற்றுக்கு, குழாயின் விட்டம் பாதியானால் தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு ஆகிறது. பெரியவருக்கு வெறும் சளியாகப் போவது கைக்குழந்தையைத் திணறடிப்பது இதனால்தான். மூச்சை இழுக்கையில் நெஞ்சு விரிந்து குழாய்களையும் விரிக்கிறது, விடும்போது அமுக்குகிறது. ஆகவே விசில் பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான் கேட்கும். மாறாக, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கேட்டால் அடைப்பு தொண்டைப் பக்கம் இருக்கலாம். அப்படிக் கேட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சத்தம் எப்படி வருகிறது என்று தெரிந்துவிட்டாலும் எதனால் என்பது தெரிந்துவிடாது. ஆஸ்துமா ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல. பச்சிளம் குழந்தைகளுக்கு வைரஸ் தொற்று, புகைபிடித்துப் புகைபிடித்துக் கெட்ட நுரையீரல், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தல் எல்லாமே விசிலடிக்கும். வேர்க்கடலை தின்றுகொண்டே ஓடிய குழந்தைக்குத் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் விசில் கேட்டால், கடலை எங்கே போனது என்று தேட வேண்டும்.

நம் பக்கத்தில் மறக்கக் கூடாத ஒரு காரணமும் உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், ஃப்ரிமோட்-மோலர் என்ற டேனிஷ் மருத்துவர் சில விசித்திர நோயாளிகளைப் பார்த்தார். காசநோய் போலத் தோன்றியது, காசநோய் இல்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மட்டும் எக்கச்சக்கம். 1940இல் அதைப் பற்றி எழுதினார். இரவெல்லாம் இருமலும் இழுப்புமாக வரும் இந்த நோய்க்குக் காரணம், யானைக்கால் நோயைத் தரும் அதே ஃபைலேரியா புழு என்பது பிற்பாடு தெளிவாயிற்று. யானைக்கால் ஒழிப்புக்காக வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரைதான் இதற்கும் மருந்து. ஆஸ்துமா என்று முடிவு கட்டி வெறும் இன்ஹேலரோடு நிறுத்தினால் புழு அப்படியே இருக்கும்.

இன்ஹேலர் என்றதும் "பழகிடும்" என்று பயப்படுகிறவர்கள் ஒரு கணக்குப் போடலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் மருந்தின் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கும். இன்ஹேலரின் ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம், அதாவது 40இல் ஒரு பங்கு. அதுவும் போக வேண்டிய இடத்துக்கே நேராகப் போகிறது. எனக்கு இந்தப் பயம் புரிந்ததே இல்லை. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: அடித்த பஃப் நாலு மணி நேரம்கூடத் தாங்காமல் மறுபடி தேவைப்பட்டால், மருந்து ஏமாற்றுகிறது என்று பொருள். அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. மோசமாக இழுத்துக்கொண்டிருந்த விசில் சட்டென்று அடங்கும். "அப்பாடா, குறைஞ்சிடுச்சு" என்று வீடு மூச்சு விடும். சீவாளி பேசக் காற்று வேண்டும். காற்றே போகாத அளவுக்குக் குழாய் அடைத்தாலும் சத்தம் நின்றுவிடும். ஆகவே காதை நம்பாமல் ஆளைப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடிகிறதா? விலா எலும்புகளுக்கு நடுவே, கழுத்துக் குழியில் சதை உள்வாங்குகிறதா? குழந்தை பால் குடிக்க முடியாமல் விலக்குகிறதா? உதடு நீலம் பாய்ந்தாலோ, ஆள் அசந்து துவண்டாலோ, மருந்தோ உணவோ பூச்சிக்கடியோ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கி இழுப்பு வந்தாலோ யோசிக்க நேரமில்லை, 108 ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள். முதன்முறை விசில் கேட்டு, ஆள் சாதாரணமாகப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், காரணம் தெரிந்துகொள்ள ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

காட்டப் போகும்போது சங்கடம் ஒன்று வரும். மூச்சுக்குழாய்கள் மிகவும் சுருங்குவது அதிகாலை 4 மணி வாக்கில். பகல் 11 மணிக்கு டாக்டர் நெஞ்சில் கருவியை வைக்கும்போது எல்லாம் சுத்தமாக இருக்கும். ராத்திரி முழுக்க விழித்திருந்த தாய் பொய் சொன்னது போல நிற்பாள். அந்த நேரத்திலேயே மொபைலில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிடுங்கள், சட்டையைத் தூக்கி, நெஞ்சும் வயிறும் தெரிய, மின்விசிறியை நிறுத்திவிட்டு.