இன்சுலின் ஊசியும் தேகப் பயிற்சியும்

தறிக்குழியில் அமர்ந்து மிதிகட்டையை அழுத்தும் நெசவாளரும், சேற்றில் இறங்கி நாற்று நடும் விவசாயியும் உடலுழைப்புக்குப் புதியவர் அல்லர். ஆயினும் காலம் மாறிவிட்டது. நம் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் உழவும் அறுவடையும் பெரும்பாலும் இயந்திரங்களின் வேலையாகிவிட்டன. நெசவாளரோ நாள் முழுவதும் ஓரிடத்திலேயே அமர்ந்திருக்கிறார். ஆகவே, நீரிழிவு கண்ட அங்கத்தினர்களிடம் நாள்தோறும் நடக்குமாறு மருத்துவர்கள் கூறுவது மிகப் பொருத்தமே. ஆனால் இன்சுலின் ஊசியையே நம்பி வாழ்பவர் இப்பயிற்சியைத் தொடங்கும்போது, பிறர்க்கு அவ்வளவாக இல்லாத ஓர் அபாயத்தை அறிந்திருத்தல் அவசியம். அதனை விளக்குவதே நமது நோக்கம்.

1922ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கனடா நாட்டு டொரான்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதுவரை இளம் வயதில் இந்நோய் கண்டவர் பிழைப்பது அரிது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1926இல், லண்டனில் பணியாற்றிய டாக்டர் ஆர். டி. லாரன்ஸ், ஊசி போட்டுக்கொண்டவர் உடலை இயக்கினால் அம்மருந்தின் வேகம் கூடுகிறது என்பதை எடுத்துக்காட்டினார். அவரும் நீரிழிவு உடையவரே; இன்சுலினால் உயிர் மீண்டவரே. நம் மாநிலத்தில் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன் இத்துறைக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

வேகம் கூடுவது ஏன்? உழைக்கும் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை மிகுதியாக இழுத்துக்கொள்கிறது. நோயற்றவர் உடலில் அந்நேரம் கணையம் இன்சுலின் சுரப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளிவிடும். ஊசியாகச் செலுத்திய இன்சுலினையோ திரும்ப அழைக்க இயலாது. மதகைத் திறந்துவிட்டு அடைக்க வழியில்லாத ஏரியின் நிலைதான் அது. தசையும் மருந்தும் ஒருசேர இழுக்க, இரத்தச் சர்க்கரை விரைந்து இறங்கிவிடுகிறது.

எனவே, நடக்கப் புறப்படுமுன் சர்க்கரையை அளந்து பார்த்தல் முதற்கடமை. 126 முதல் 180 மில்லிகிராம் வரை இருப்பின் நடையைத் தொடங்கலாம். 90க்குக் குறைந்திருப்பின் 10 முதல் 20 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு சிறு வாழைப்பழம் போன்றது, உண்டு, அளவு ஏறிய பின்னரே புறப்படவேண்டும். 270க்கு மேலிருந்தால் சிறுநீரிலோ இரத்தத்திலோ கீட்டோன் உள்ளதா எனச் சோதிக்கவேண்டும். இருந்தால் அன்று பயிற்சி கூடாது, மருத்துவரை நாடவேண்டும். இன்சுலின் போதாத உடலில் உழைப்பு சர்க்கரையை மேலும் ஏற்றிவிடும். முந்தின 24 மணி நேரத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்து, பிறர் உதவியால் தேறியவரும் அன்று ஓய்வு கொள்ளவேண்டும்.

உணவுக்குரிய ஊசி போட்டு இரண்டு மணி நேரத்திற்குள் நடப்பதாயின், அவ்வேளையின் அளவைக் குறைக்க நேரிடும். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரே கூறவேண்டும். ஊகத்தால் குறைத்தல் ஆபத்து. காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடுவோர்க்கு ஊசி அளவை மாற்றுவது எளிதன்று. உணவைக் கூட்டிச் சமன் செய்வதே அவர்களுக்கு இலகுவான வழி. ஓடவோ சைக்கிள் மிதிக்கவோ போகுமுன் தொடையில் ஊசி போடாமல் வயிற்றில் போடுதல் நலம். உழைக்கும் உறுப்பிலிருந்து மருந்து விரைந்து கலந்துவிடும். சித்திரை வெயிலும் அவ்வாறே விரைவுபடுத்தும்.

கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகள். உடனே நின்று மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை, ஏறத்தாழ 15 கிராம், நீரில் கரைத்துப் பருகவேண்டும். 15 நிமிடம் பொறுத்து மறுபடி அளக்கவேண்டும். 70க்கு மேல் ஏறாவிடில் மீண்டும் அவ்வாறே செய்க. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது, புரையேறிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108க்கு அழைக்கவேண்டும்.

இன்னொன்று பலரும் அறியாதது. உழைத்த தசை தன் கையிருப்பை நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம் சர்க்கரையை இழுத்துக்கொண்டேயிருக்கும். மாலையில் நடந்தவர்க்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவது இதனாலேயே. பயிற்சியைத் தொடங்கிய முதல் சில வாரங்கள் படுக்குமுன் அளந்து பார்ப்பதும், வீட்டாரிடம் செய்தியைச் சொல்லி வைப்பதும் இன்றியமையாதவை.

சிதம்பரத்தின் நான்கு வீதிகளையும் சுற்றி வருவோரும், கடலூர் வெள்ளிக் கடற்கரையில் உலாவுவோரும் காலணியின்றி நடக்கவேண்டாம். உணர்ச்சி மங்கிய காலில் முள் தைத்தாலும் தெரியாது. பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. சங்கத்துப் பாஸ் புத்தகத்தில் வரவும் செலவும் எழுதுவதுபோல், ஊசி, உணவு, நடை, சர்க்கரை ஆகிய நான்கையும் நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், மருத்துவர் அதனைக் கண்டு திட்டமாக வழி கூறுவார். இன்சுலின் அரசு மருத்துவமனைகளில் விலையின்றிக் கிடைக்கிறது.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வியர்த்துத் தள்ளாடி, வார்த்தை குழறி நிற்பவரைக் குடிகாரர் என்று எண்ணி ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த ஒதுக்கல் ஓர் உயிரையே மாய்த்துவிடக்கூடும். ஆகவே, சங்கக் கட்டடத்திலும், நெசவுக் கூடத்திலும், கொள்முதல் நிலையத்திலும் ஒரு டப்பாவில் சர்க்கரை வைத்திருப்பதும், இன்சுலின் போடும் அங்கத்தினர் இன்னார் என்பதை அவர் இசைவுடன் உடன் உழைப்போர் அறிந்திருப்பதும் எல்லாச் சங்கங்களும் இன்றே செய்யக்கூடியவை. செலவோ சொற்பம், காக்கப்படுவதோ நம் தோழர் ஒருவரின் உயிர்.