பல் அடைக்கும் பசையும் அதன் பரீட்சையும்

சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்க நூறாண்டுக்கு மேலாகக் கைகொடுத்தது அமால்கம் என்னும் வெள்ளிக் கலவை. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதில் இணைந்தது. அமால்கம் விட்ட இடத்தைப் பெரும்பாலும் பிடித்திருப்பது, பல்லின் நிறத்திலேயே கிடைக்கும் காம்போசிட் பசை.

அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ ரெசின்தான் இதற்கு மூலம். தேன்போலக் கெட்டியான அந்த ரெசினை இளக்க மெல்லிய ரெசின் ஒன்றைச் சேர்க்கிறார்கள். பசையின் எடையில் பெரும்பங்கு கண்ணாடித் தூளும் சிலிக்காவும். தூளும் ரெசினும் பிரிந்து போகாமல் பிடித்து வைப்பது, தூளின் மேல் பூசப்படும் சிலேன். சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டதும் பசை சில நொடிகளில் இறுகிவிடும்.

இறுகும்போது சுருங்குவதுதான் இதன் தீராத தொல்லை. கன அளவில் 2 முதல் 3 சதவீதம் சுருங்கினாலே பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழலாம். அதில் கிருமி புகுந்து, அடைத்த பல்லே மறுபடி சொத்தையாகும். புதிய ரெசின்களைத் தேடும் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியைக் குறைக்கத்தான்.

வேதியியலும் பல் மருத்துவமும் கைகோக்க வேண்டிய வேலை இது. இரண்டுக்கும் இடம் தரும் ஊர் புனே. பாலிமர் ஆய்வில் பெயர்பெற்ற தேசிய வேதியியல் ஆய்வகம் 1950 முதல் அங்கே பாஷாண் பகுதியில் இயங்குகிறது. பாரதி வித்யாபீடத்தின் பல் மருத்துவக் கல்லூரியும் அதே நகரில்தான். தெற்கே திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், ஒளியில் இறுகும் காம்போசிட்டுகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் ஆய்வில் நெடுநாள் ஈடுபட்டிருக்கிறது.

இப்படி உருவாகும் பசையின் சோதனைக்கு உலகெங்கும் ஐஎஸ்ஓ 4049 தரநிலையே அளவுகோல். 25 மில்லிமீட்டர் நீளமும், 2 மில்லிமீட்டர் அகலமும் கனமும் உள்ள சிறு கட்டையாகப் பசையை இறுக வைக்கிறார்கள். 37 டிகிரி நீரில் ஒரு நாள் ஊறிய கட்டையை இரு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் அழுத்தி முறிக்கிறார்கள். மெல்லும் பரப்பில் வைக்கும் பசை குறைந்தது 80 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, எவ்வளவு கரைகிறது என்பதற்கும் வரம்பு உண்டு. இவற்றுக்கு அப்பால், 5 டிகிரி, 55 டிகிரி நீரில் ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி முக்கி எடுப்பது ஐஸ்கிரீமையும் சூடான தேநீரையும் நினைத்து. உயிரணுக்களுக்கு நஞ்சாகிறதா என்பது தனிச் சோதனை.

ஒரு நாள் ஊறிய கட்டையின் வலிமை நுழைவுத் தேர்வு மட்டுமே. வெற்றிலை பாக்கு மெல்லும் வாயில் ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அடைப்பு என்ன ஆனது என்ற பதிவுதான் உண்மையான தீர்ப்பு. அடைத்த பொருளின் பெயரையும் தொகுதி எண்ணையும் சீட்டில் எழுதித் தருமாறு பல் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.