பூட்டு நகருக்கு ஒரு தீ அருங்காட்சியகம்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தேன். நான் பாடம் நடத்திய வகுப்பறைக்கு வெளியே, தாழ்வாரச் சுவரில் சிவப்பு நிறத் தீயணைப்பான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நாள்தோறும் அதைக் கடந்து சென்றேன். பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் குடியிருப்பில் தீயணைப்பு வீரர்கள் நடத்திய செயல்விளக்கத்தின்போது அத்தகைய கருவி ஒன்றை என் கையில் கொடுத்து, "இயக்குங்கள் ஐயா" என்றனர். பிடியை அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. முதலில் பாதுகாப்பு ஊசியை உருவ வேண்டும், பிறகு கொழுந்தை நோக்கியன்றித் தீயின் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும் என்பது முனைவர் பட்டம் பெற்ற எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கல்லூரியில் என்னிடம் படித்துச் சென்ற மாணவர்களுக்கும் தெரிந்திருக்காது. கருவி வாங்கச் செலவிட்டோம். அதைக் கையாளும் அறிவுக்குச் செலவிடவில்லை.

இந்த அறியாமையின் விலையைத் திண்டுக்கல் அண்மையில் கொடுத்தது. 2024 டிசம்பர் 12 அன்று இரவு, நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில் மூண்ட தீயின் புகை மேல்தளங்களுக்குப் பரவியது. குழந்தை உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். மின்தூக்கிக்குள் மயங்கிக் கிடந்தவர்களையும் மீட்புப் படையினர் வெளியே கொண்டுவந்தனர். தீ விபத்தின்போது மின்தூக்கியில் ஏறக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால், புகை சூழ்ந்து விளக்கு அணைந்த நேரத்தில் நினைவுக்கு வருவது கண் படித்த வாசகம் அன்று; உடல் பழகிய பழக்கம். பதறிய நிலையில் யாரையும் குறை சொல்ல இயலாது. அந்தப் பழக்கத்தை அவர்களுக்கு நாம் எங்கே ஏற்படுத்தித் தந்தோம் என்பதே கேள்வி.

இதற்கு விடையாகத்தான் திண்டுக்கல்லில் ஒரு சமுதாயத் தீ அருங்காட்சியகமும் பாதுகாப்புக் கல்வி மையமும் வேண்டும் என்கிறேன். அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொருள்களை அடுக்கிவைக்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூரில் ஹில் தெருவில் நூறாண்டைக் கடந்த மத்திய தீயணைப்பு நிலையம் இன்றும் இயங்கிவருகிறது. அதே வளாகத்தில் குடிமைத் தற்காப்புப் படையின் மரபுக்கூடமும் இருக்கிறது. பழைய வண்டிகளைப் பார்க்கவரும் குழந்தை, பணியில் இருக்கும் வீரரையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. தோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் உள்ள பேரிடர்ப் பயிற்சி மையத்தில், செயற்கைப் புகை நிரம்பிய வழியில் குனிந்து நடந்து வெளியேறப் பொதுமக்கள் பழகுகிறார்கள். நமக்கு வேண்டியது இவ்விரண்டும் சேர்ந்த ஒன்று: பார்ப்பதற்கு ஒரு கூடம், செய்து பழகுவதற்கு ஒரு களம்.

இதற்குத் திண்டுக்கல் ஏன் பொருத்தமான ஊர் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்வரைத் தடுக்கும் அதே பூட்டு, தீ விபத்தின்போது உயிரையும் வாங்கிவிடும். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 தொழிலாளர்கள் மாண்டனர். வெளியேறும் கதவு ஒன்று பூட்டப்பட்டிருந்தது. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தபோதும் வெளியேறும் வழிகள் தடைபட்டிருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றிய 28 பேர் இறந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அவசரக் கதவை உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்க முடிய வேண்டும் என்பது பாதுகாப்பின் அடிப்படை விதி. பூட்டுச் செய்யும் ஊரில் அமையும் அருங்காட்சியகத்தின் முதல் காட்சிப்பொருள், எந்தக் கதவைப் பூட்டலாம், எதைப் பூட்டவே கூடாது என்று காட்டும் இரண்டு கதவுகளாக இருக்கட்டும். நம் பூட்டுத் தொழிலாளர்களே அவற்றைச் செய்துதர இயலும்.

அடுத்த கூடம் நினைவுக்கு உரியது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பலின் தீயை அணைக்கச் சென்று உயிர்நீத்த வீரர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் தீத்தொண்டு நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் சமையல் கூடத்தில் பற்றிய தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2018 மார்ச்சில் அண்டை மாவட்டமான தேனியின் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத் தீயில் சிக்கினர். 2020 தீபாவளி இரவில் மதுரையில் ஒரு கடையில் தீயை அணைக்கச் சென்ற இரு தீயணைப்பு வீரர்கள் கட்டடம் இடிந்து உயிரிழந்தனர். இவற்றைக் காட்டுவது அச்சுறுத்துவதற்காக அன்று. ஒவ்வொரு விபத்திலும் எந்த இடத்தில் சங்கிலி அறுந்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும் என்பதைப் பார்ப்பவர் தாமே கண்டுகொள்ள வேண்டும். இறந்தவர்களின் படங்களையோ பெயர்களையோ குடும்பத்தாரின் இசைவின்றி வைக்கக் கூடாது.

மூன்றாவது பகுதியே மையத்தின் உயிர்நாடி. 2022-இல் மட்டும் நாட்டில் தீ விபத்துகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. பாதிக்கும் மேற்பட்ட இறப்புகள் குடியிருப்புகளில் நேர்ந்தவை. எனவே பயிற்சி அடுக்களையிலிருந்து தொடங்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அப்போது மின்விசிறியின் பொத்தானைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்துத் தட்டால் மூட வேண்டும். புடவையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்துப் புரள வேண்டும். புகை மேலே எழும் என்பதால் தரையை ஒட்டித் தவழ்ந்து வெளியேற வேண்டும். சொல்லக் கேட்டால் இரண்டு நிமிடம். செய்து பார்த்தால் வாழ்நாள் முழுவதும் மறக்காது.

இனி, என் துறைக்கு வருகிறேன். இவ்வளவு பயனுள்ள ஒன்று ஏன் தானாகவே தோன்றவில்லை? தீப் பாதுகாப்பின் பயன், நிகழாமல் போன விபத்து. நிகழாததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, கட்டணமும் செலுத்துவதில்லை. என் வீட்டில் பாதுகாப்பு இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் பயனடைகிறார். ஆனால் அவரிடம் நான் பங்கு கேட்க முடியாது. இவ்வாறு பயன் பலருக்குப் பரவி, செலவு ஒருவர் தலையில் விழும் பண்டங்களைச் சந்தை போதிய அளவில் வழங்காது என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். ஆகவே இதற்குப் பொதுப்பணமும் கூட்டுமுயற்சியும் தேவை.

கட்டடத்துக்குப் பணம் திரட்டுவது நாம் நினைக்கும் அளவுக்குக் கடினமன்று. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களின் தொகுதி மேம்பாட்டு நிதிகள் இருக்கின்றன. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் எஞ்சியதை அரசு ஏற்கும் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்கீழ், குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்; கல்வியும் பேரிடர் மேலாண்மையும் அப்பணிகளில் அடங்கும். புதுக் கட்டடமே வேண்டும் என்பதில்லை. சென்னை எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகத்தைப் புதுப்பித்து 2021-இல் காவல் அருங்காட்சியகமாக்கினார்கள். பயன்பாட்டில் இல்லாத அரசுக் கட்டடம் ஒன்றும், கழிவு செய்யப்படும் பழைய தீயணைப்பு வண்டி ஒன்றும் கிடைத்தால் இங்கும் தொடங்கிவிடலாம்.

கடினமானது திறப்பு விழாவுக்கு அடுத்த நாள். கட்டித் திறந்த பின் பூட்டிக் கிடக்கும் பொதுக்கட்டடங்களை எல்லா ஊரிலும் காண்கிறோம். மூலதனச் செலவுக்குக் கொடையாளர் உண்டு; கல்வெட்டில் பெயர் வரும். மின்கட்டணத்துக்கும் பயிற்றுநர் ஊதியத்துக்கும் கொடையாளர் இல்லை. அதற்குக் கல்வெட்டு கிடையாது. தொகுதி மேம்பாட்டு நிதியிலும் தொடர்செலவுக்கு இடமில்லை.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுச் செலவு 12 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ரூபாயை நிலைவைப்பாக வைத்தால், 6 விழுக்காட்டு வட்டியில் 6 லட்சம் வரும். மீதி 6 லட்சத்தைப் பயிற்சிக் கட்டணமாக ஈட்ட வேண்டும். வேடசந்தூர் வட்டார நூற்பாலைகள், மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள், விடுதிகள் ஆகியவற்றின் பணியாளர்களுக்குத் தலைக்கு 200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 3,000 பேருக்குப் பயிற்சி அளித்தால் அத்தொகை கிடைத்துவிடும். பள்ளிக் குழந்தைகளுக்குக் கட்டணம் கூடாது. செலுத்த இயன்றவர் செலுத்த, இயலாதவர் கற்கட்டும். ஆனால் விலைவாசி ஏறும். வட்டி முழுவதையும் செலவிட்டால் வைப்புத்தொகையின் மதிப்பு ஆண்டுதோறும் தேயும். ஆகவே பயிற்சி வருவாய் வளர்வதற்கேற்ப வட்டியில் ஒரு பகுதியை வைப்பிலேயே சேர்த்துவர வேண்டும். இந்த நிலைவைப்பு கைக்கு வரும்வரை அடிக்கல் நாட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். தடையின்மைச் சான்றுக்காகத் தீயணைப்புத் துறையை நாடும் நிறுவனங்களே இம்மையத்துக்குக் கொடையாளர்களாகவும் வரக்கூடும். கொடையும் சான்றும் ஒரே கை வழியாகச் செல்லுமானால் ஐயம் எழும். ஆகவே நிலமும் கட்டடமும் மாநகராட்சிக்கு உரியவையாக இருக்க, நிதியைச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான ஒரு தனி அமைப்பு கையாள வேண்டும். பயிற்சி வழங்குவது மட்டுமே தீயணைப்புத் துறையின் பங்கு. யார் எவ்வளவு தந்தார்கள் என்பதும் ஆண்டு வரவு செலவும் வாசலிலேயே எழுதிவைக்கப்பட வேண்டும். இங்கு பெறும் பயிற்சிச் சான்று, சட்டப்படியான ஆய்வுக்கு மாற்றாகிவிடவும் கூடாது.

"முதலில் தீயணைப்பு வண்டி வாங்குங்கள், அருங்காட்சியகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நியாயமான வாதம். ஒரே பணத்துக்கு இரண்டும் போட்டியிட்டால் வண்டிக்கே என் வாக்கு. மாநிலங்களின் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனமாக்க 2023-இல் மத்திய அரசு 5,000 கோடி ரூபாயில் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் தமிழகத்துக்கு வரும் பணம் நிலையங்களுக்கும் கருவிகளுக்குமே செல்லட்டும். ஆனால் எவ்வளவு விரைவான வண்டியும் அழைப்புக்குப் பிறகே புறப்படும். அது வந்து சேரும்வரையிலான முதல் சில நிமிடங்கள் அங்கிருப்பவர்களின் கையில் மட்டுமே இருக்கின்றன. அந்த நிமிடங்களுக்கான முதலீடே இம்மையம்.

எனவே சிறிதாகத் தொடங்குவோம். முதலாண்டில் ஒரு கூடம், ஒரு புகை அறை, ஒரு நடமாடும் ஊர்தி போதும். நத்தம், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை சிற்றூர்களின் குழந்தைகள் நகருக்கு வர இயலாவிட்டால் ஊர்தி அவர்களிடம் செல்லட்டும். நூற்பாலைகளில் வேலைசெய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அவர்களின் மொழியிலேயே பயிற்சி தர வேண்டும். பயிற்சி பெற்ற குடும்பங்களை ஆறு மாதம் கழித்துச் சந்தித்து, எரிவாயுக் குழாயை மாற்றினார்களா, தீயணைப்பானை இயக்கத் தெரிகிறதா என்று காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழக மாணவர்கள் கணக்கெடுக்கலாம். பயன் தெரிந்தால் விரிவாக்குவோம். தெரியாவிட்டால் முறையை மாற்றுவோம்.

மாவட்ட ஆட்சியரும் மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும் வணிகர் சங்கங்களும் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து பேசினால் இதற்கு வழி பிறக்கும். அடுத்த தீத்தொண்டு நாளுக்குள் அந்தக் கூட்டமாவது நடக்கட்டும். அதுவரை காத்திராமல் ஒவ்வொருவரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்பிலோ தொங்கும் தீயணைப்பானை இன்று ஒருமுறை நின்று பாருங்கள். அதன் காலாவதித் தேதியைப் படியுங்கள். அவசரக் கதவு பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகள் அதைப் பார்க்காமலே கடந்து சென்றவன் என்ற முறையில் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.