கோடிட்ட இடமும் கடலடிப் பாரும்

குறுக்கெழுத்துப் புதிரில் 'புகழ்பெற்ற கவிதை வரியில் விடுபட்ட சொல்' என்று குறிப்பு வந்தால் நம்மில் பலர் பேனாவை மூடிவிடுகிறோம். வரி மனப்பாடமாய் இருந்தால் விடை, இல்லையென்றால் இல்லை என்கிற நினைப்பு. 1926 முதல் லண்டன் அப்சர்வரில் டார்க்கெமாடா என்ற புனைபெயரில் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் அமைத்த புதிர்களும், 1930இல் தொடங்கிய டைம்ஸ் புதிரும் இவ்வகைக் குறிப்பைப் பழக்கமாக்கின. ஒரே மாதிரிப் பள்ளியில் ஒரே பாடத்தொகுப்பை ஒப்பித்தவர்களுக்கான விளையாட்டு அது. தமிழுக்கு வந்தபோது பள்ளி மாறியது. ஒப்பித்தல் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் யாப்பு தெரிந்தவனுக்கு மனப்பாடம் அவ்வளவு அவசியமில்லை. செய்யுளே ஒரு கட்டம்தான். முதலடி 'முத்தென்று' எனத் தொடங்கி, இரண்டாமடியின் முதற்சொல் விடுபட்டிருக்கிறதா? எதுகைப்படி இரண்டாமெழுத்து 'த்', முதலெழுத்து குறில். பொருள் 'விதை' என்றால் 'வித்து' தானாக வந்து விழும். வெண்பாவானால் தளையும் கைகொடுக்கும். விடுபட்ட சொல்லுக்கு முன்சீர் 'கொற்கை' என்றால் அது தேமா. அடுத்த சீர் நிரையில் தொடங்கியாக வேண்டும். 'முத்து' அங்கே நிற்காது, 'கடல்' நிற்கும். புணர்ச்சியையும் பிரித்துப் பார்க்கணும். வரியில் 'முத்தெடுத்து' என்றிருப்பது கட்டத்துக்குள் 'முத்து' ஆகிவிடும். மு, த், து என்று மூன்று கட்டம். இதையெல்லாம் வகுப்பில் அலகிட்டு வாய்பாடு சொல்லி மதிப்பெண் வாங்கத்தான் கற்றோம். இப்படியொரு பயன் உண்டென்று ஒருத்தரும் சொல்லவில்லை.

சொல்லை உடைத்து விளையாடுவதும் நமக்குப் புதுசல்ல. தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் சிறுவன் பாரதியைச் சீண்ட, காந்திமதிநாதன் என்பவர் அவன் பெயரையே ஏளனமாக வைத்து ஈற்றடி கொடுத்ததாகவும், அவன் பெயரைப் 'பார்', 'அதி' என்று உடைத்து ஏளனத்தைக் கொடுத்தவர் பக்கமே திருப்பியதாகவும் ஒரு கதை உண்டு. குறிப்பானை உடைத்தால் அதிகாரம் இடம் மாறும் என்பதற்கு பிரெஞ்சுக்காரர்களை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதையும் ஒருமுறை யோசிக்கலாம். அமெரிக்கத் தமிழரின் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் அமைத்த குறுக்கெழுத்துகளும் இந்த வழியில் போனவைதான்.

சரி, 'புகழ்பெற்ற' வரி என்று தீர்மானிப்பது யார்? பாடநூல் தொட்டது புகழ்பெற்றது, அவ்வளவுதான். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டிலிருந்து ஒரு குறிப்பை நான் எந்தப் புதிரிலும் கண்டதில்லை. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கொரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிற கரை இது. புதிர் போடுகிறவருக்கோ 'வாடை' மட்டும்தான் தெரியும், அதுவும் சங்கப் பாடல் வழியாக. 'ஆழி சூழ் உலகு' என்று குறிப்புக் கொடுத்து 'யார்?' என்று கேட்டால் தமிழாசிரியர் கம்பன் என்பார். அயோத்தியா காண்டத்துக் கைகேயியின் வாக்கு அவர் நினைவுக்கு வரும். கடற்கரைக்காரர் ஜோ டி குருஸ் என்பார். 2004இல் வந்த அந்த நாவலில் இருப்பது அவர் ஊர்க்கதை. இருவர் விடையும் சரி. கட்டத்தின் எண்ணிக்கை ஒருவரைத்தான் அனுமதிக்கும்.

அந்தப் 'பார்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே கட்டம். புதிரில் அதற்கு 'உலகம்' என்றோ 'நோக்கு' என்றோதான் குறிப்பு வரும். தூத்துக்குடியில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுக்கும் பார் என்றுதான் பெயர். தொள்ளாயிரம் பார் என்று ஒரு பாரே இருக்கிறது. முத்துக்குளிப்புப் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். 1955இல் தொடங்கிய கடைசிச் சலாப வரிசை 1961இல் முடிந்தது. அப்புறம் குளிப்பு இல்லை. சங்குக்கு மூழ்குவது மட்டும் தொடர்ந்தது. தொழில் போனதும் சொல்லின் மூன்றாவது பொருள் கரையோரத்து வயசாளிகளிடம் ஒதுங்கிக்கொண்டது.

வாசகர் வட்டத்துக்கோ சங்கக் கூட்டத்துக்கோ புதிர் தயாரிக்கிற தோழர்கள், கவிதை வரியைக் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே எதுகைக்குரிய அடுத்த அடியையும் கொடுங்கள். மறந்தவனும் படிக்காதவனும் உள்ளே வர அது ஒரு வாசல். 'பார்' விடையாக வருமானால் குறிப்பை இப்படி எழுதிப் பாருங்கள்: 'பாரதியின் பெயர் தொடங்குமிடம், மூழ்கினால் சிப்பி கிடைத்த இடம்.'