திருமுறையில் உண்டு, ஓதுவதில் இல்லை

அமெரிக்காவின் 'ஸ்டார் வார்ஸ்' அறிவியல் புனைகதை வரிசை 1977-இல் ஒரு திரைப்படமாகத் தொடங்கியது. பின்னர் நாவல்கள், படக்கதைகள், கணினி விளையாட்டுகள் என்று அந்தக் கதையுலகம் பெருகிக்கொண்டே போயிற்று. 2012-இல் டிஸ்னி நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2014 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது. ஆறு திரைப்படங்களும் 'குளோன் வார்ஸ்' அசைபடத் தொடரும்தான் ஏற்கப்பட்ட கதை; அதுவரை வந்த நாவல்கள் யாவும் 'லெஜெண்ட்ஸ்', அதாவது வழிவழியாகச் சொல்லப்பட்ட கதைகள் என்ற வரிசைக்கு நகர்த்தப்பட்டன. அவற்றைப் படித்து வளர்ந்த வாசகர்கள் கொதித்துப் போனார்கள். 1991-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் பிறந்த திரான் என்னும் தளபதி இவ்வாறு வெளியேற்றப்பட்டு, 2016-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாக மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டான்.

தமிழ்ச் சைவத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இராது. எது உள்ளே, எது வெளியே, அதைச் சொல்ல யாருக்கு உரிமை என்ற வழக்கு இங்கே ஆயிரம் ஆண்டுகளாக நடக்கிறது. அதன் தடயங்கள் நான் வாழும் காரைக்கால் பகுதியிலேயே இருக்கின்றன.

காரைக்காலிலிருந்து திருநள்ளாறு செல்லும் வழியில் உள்ளது தருமபுரம். (பன்னிரு திருமுறைகளை உரையுடன் பதிப்பித்த தருமபுரம் ஆதீனம் மயிலாடுதுறையை ஒட்டியது, அது வேறு ஊர். வெளியூர் அன்பர்கள் பலர் அங்கே போய்விட்டு எங்கள் ஊரைத் தேடுவதுண்டு.) இங்குள்ள இறைவன் பெயர் யாழ்முரிநாதர். திருஞானசம்பந்தரின் பாடல்களை யாழில் இசைத்து உடன் வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கிருந்த உறவினர், யாழின் துணையால்தான் பதிகங்கள் புகழ் பெறுகின்றன என்று பேசினர். மனம் வருந்திய பாணர் வேண்டிக்கொள்ள, யாழில் அடங்காத ஒரு பதிகத்தைச் சம்பந்தர் பாடினார். இசைக்க இயலாத பாணர் யாழை உடைக்க ஓங்கினார், சம்பந்தர் தடுத்தார்.

இக்கதையை நமக்கு விரித்துரைப்பவர் 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். பதிகத்தைப் படித்துப் பார்த்தால் யாழும் இல்லை, பாணரின் உறவினரும் இல்லை. ஊரும் கடலும் இறைவனும்தான் இருக்கிறார்கள். ஆயினும் முதல் திருமுறையின் கடைசிப் பதிகமாக, 136-ஆவதாக, 'யாழ்முரி' என்ற தனிப் பெயரோடு அது வைக்கப்பட்டிருக்கிறது. பதிகத்தின் தலைப்பில் நின்ற இசைக்குறிப்பையும் பிற்காலக் காவியம் சொன்ன கதையையும் சேர்த்தே கோயில் தன் இறைவனுக்குப் பெயர் சூட்டிக்கொண்டது.

திருமுறைகள் தொகுக்கப்பட்ட வரலாற்றைச் சொல்வது 'திருமுறை கண்ட புராணம்'. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கூறப்படும் சிறு நூல். தில்லைக் கோயில் அறையொன்றில் ஏடுகளைச் செல் அரித்திருந்தது. மூவர் பாடிய இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிகங்களில் இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்தோம் என்று இறைவனின் குரல் கேட்டது என்கிறது அந்நூல். நமக்கு எஞ்சியவை 800-க்கும் சற்றுக் குறைவு. இழப்பையே தேர்வாக ஏற்றுக்கொண்ட இந்த விளக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அதன் துணிவின்மீது மதிப்பு உண்டாகிறது. பாடல்கள் கிடைத்தன, பண்கள் மறைந்துவிட்டன. திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் பண்களை வகுத்துக் கொடுத்தார் என்றும் அது சொல்கிறது. தருமபுரத்தில் தோற்ற யாழின் வழித்தோன்றலிடமிருந்தே தேவாரத்துக்கு இசை மீண்டது என்பது மரபின் கூற்று.

தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. தொகுக்கச் செய்தவன் இராசராச சோழன் என்பர். ஆனால் ஒன்பதாம் திருமுறையில் கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோளேச்சரத்தைப் பாடிய பதிகம் இருக்கிறது. அக்கோயிலைக் கட்டியவன் இராசராசனின் மகன் இராசேந்திரன். எனவே கதவு ஒரே நாளில் சாத்தப்பட்டதாகக் கொள்ள முடியாது. பதினோராம் திருமுறையில் 12 ஆசிரியர்களின் 40 நூல்கள் உள்ளன. அவற்றில் 10 நம்பி தாமே இயற்றியவை. தொகுப்பாளரின் நூல்கள் தொகுப்புக்குள் அமர்ந்ததை யாரும் குற்றமாகக் கருதவில்லை. அதே பதினோராம் திருமுறையில் திருமுருகாற்றுப்படையும் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில் அதுவே முதல் பாட்டு. சங்க இலக்கியமாகப் படிப்பவர்க்கு அது பழந்தமிழ்ச் செய்யுள், பாராயணம் செய்பவர்க்கு மந்திரம்.

கதவு மீண்டும் திறந்ததும் உண்டு. 1917-இல் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில், ஏடுகளில் இல்லாத சம்பந்தர் பதிகம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பின்னர்க் கிளியன்னவூர்ப் பதிகம் ஏட்டிலிருந்து வெளிப்பட்டது. அதனால்தான் பாடல் பெற்ற தலங்கள் 274 என்று சிலரும் 276 என்று சிலரும் எண்ணுகிறார்கள். கல்லில் இருந்ததை எளிதில் ஏற்ற புலவர்களில் சிலர் ஏட்டில் இருந்ததை ஏற்கத் தயங்கினர். கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதி கொண்டு மதிப்பிடலாம். ஏடோ படியெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டு வருவது. அந்தத் தயக்கம் நியாயமானதே.

கதவை மூடியே வைக்க வேண்டும் என்ற பிடிவாதம் நீதிமன்றம் வரை போனதும் நாம் அறிந்ததே. 1867-இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில், 'திருமுறை' என்ற பகுப்போடு அச்சேறின. அருட்பா என்ற பெயர் பன்னிரு திருமுறைகளுக்கே உரியது என்று ஆறுமுக நாவலர் மறுத்தார்; மஞ்சக்குப்பத்தில் வழக்கு நடந்தது. பாடல்களின் பொருளைக் காட்டிலும் பெயரும் பகுப்புமே பூசலை மூட்டின என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவு முயன்று காத்த எல்லைக்குள்ளேயே சத்தமின்றி இன்னொரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. சிவாலயங்களில் பூசையின் நிறைவில் ஓதுவது பஞ்சபுராணம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவற்றிலிருந்து ஒவ்வொரு பாடல். பத்தாம் திருமுறையான திருமந்திரமும் பதினோராம் திருமுறையும் இதில் இல்லை. நேரம் கருதி ஏற்பட்ட வழக்கமாக இருக்கலாம். அதன் விளைவு எங்கள் காரைக்காலின் பேறாகிய ஒருவரைத் தொடுகிறது.

காரைக்கால் அம்மையார் தேவார மூவர்க்கும் முற்பட்டவர். இறைவனைப் பண்ணமைந்த பதிகத்தில் பாடும் முறைக்கு அவரே முன்னோடி; அவருடைய இரு பதிகங்களுக்கும் 'மூத்த திருப்பதிகம்' என்றே பெயர். ஆனால் திருமுறை வரிசையில் அவர் இடம் பதினொன்று. கால வரிசை பார்த்துத் தொகுக்கவில்லை என்பது உண்மைதான். எனினும் பஞ்சபுராணத்தில் பதினொன்று இல்லாததால், மூத்தவரின் குரல் அன்றாட வழிபாட்டில் ஒலிப்பதில்லை.

ஆனி மாதத்தில் இங்கு மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே கூட்டம் ஏந்திக்கொள்கிறது. புனிதவதி என்ற பெயர், பரமதத்தன் என்ற கணவன், அடியவருக்கு இட்ட மாங்கனி எல்லாம் சேக்கிழார் தந்தவை. அம்மையாரின் பாடல்களில் இவை எவையும் இல்லை. சுந்தரர் அவரைப் பேயார் என்ற ஒரு சொல்லால் குறித்தார். கயிலைக்குத் தலையால் நடந்ததை நம்பி ஒரு பாட்டில் சொன்னார். வாழ்க்கை முழுவதையும் விரித்தது பெரியபுராணம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கதையால்தான் இந்த ஊர் அவரை மறக்காமல் இருக்கிறது. ஆனால் அவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னது வேறு. சுடுகாட்டின் இருளில் ஆடும் இறைவனைக் கண்டு பாடிய பேய் என்றே தம்மைக் குறிக்கிறார். மாங்கனி அளித்த இல்லறத்தாளைக் கொண்டாடுவது எளிது. திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடியவரைக் கொண்டாடுவது சற்றுக் கடினம். அந்தக் கடினத்தை நாம் தவிர்த்துவருகிறோம் என்றே கருதுகிறேன்.

இதற்குப் புதிய திருமுறையும் வேண்டாம், பழைய வரிசையைக் கலைக்கவும் வேண்டாம். காரைக்கால் பகுதிக் கோயில்களிலேனும் பஞ்சபுராணத்துக்கு முன் மூத்த திருப்பதிகத்திலிருந்து ஒரு பாடலை ஓதும் வழக்கத்தைத் தொடங்கலாம். திருநள்ளாறு, தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி என நான்கு பாடல் பெற்ற தலங்கள் இப்பகுதியில் இருக்கின்றன. இரு பதிகங்களும் சேர்ந்து 22 பாடல்கள். ஒன்றுக்குப் பண் நட்டபாடை, மற்றொன்றுக்கு இந்தளம். சம்பந்தரின் முதல் பதிகமும் நட்டபாடைதான். எந்த ஓதுவாரும் அதை அறிவார்.